புள்ளி வைத்த எழுத்தைக் கவனியுங்கள்: சொல் புதிர் விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சொல் புதிர் விளையாட்டை ஆசையாகத் தொடங்கிவிட்டு நான்கைந்து நாளில் விட்டுவிடுகிறவர்கள் பலர். ஏன் என்று கேட்டால் "எனக்கு அவ்வளவு சொல் தெரியாது" என்பார்கள். ஆனால் விடையைப் பார்த்தால் மருந்து, கண்ணாடி, வானம் என்று தினமும் புழங்கும் சொல்லாகத்தான் இருக்கும். தெரியாத சொல்லால் தோற்பதைவிட, தெரிந்த சொல் நேரத்துக்கு நினைவில் வராமல் தோற்பதுதான் அதிகம். தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும் என்பது பேசிப் பேசியே நம் காதில் பதிந்திருக்கிறது. அதை வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்துவிட்டால் எளிய நிலையில் தொடங்கி மேலே போவது பெரிய காரியமே இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் பேசப்போவது சொல்லை ஊகிக்கும் வகை. வெற்றுக் கட்டங்கள் இருக்கும். ஒரு சொல்லை இடுவீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறம் வரும். அதை வைத்து அடுத்த சொல்லை யோசிப்பீர்கள். ஜோஷ் வார்டில் உருவாக்கிய வேர்டில், 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகுதான் இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது. அதில் ஐந்து கட்டம், ஆறு வாய்ப்பு, நாளுக்கு ஒரு சொல். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. அந்த விளையாட்டில் விடையாக வரக்கூடிய சொற்கள் தொடக்கத்தில் ஏறக்குறைய 2,300தான். ஊகமாக இடுவதற்கு அனுமதித்த சொற்களோ பத்தாயிரத்துக்கும் மேல். அதாவது உருவாக்கியவரே அரிய சொற்களை விடையிலிருந்து ஒதுக்கிவிட்டார். நீங்கள் ஆடும் விளையாட்டிலும் முதலில் பழகிய சொல்லையே நினையுங்கள்.

எழுத்தை எண்ணுவதிலிருந்து தொடங்குவோம்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழ் விளையாட்டில் ஒரு கட்டம் என்றால் ஓர் எழுத்து, ஒரு குறியீடு அல்ல. 'கொ' என்பதை எழுதும்போது கொம்பு, க, கால் என மூன்று துண்டாகத் தெரிந்தாலும் அது ஓர் எழுத்துதான், ஒரே கட்டம்தான். புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம் உண்டு. 'விளையாட்டு' என்பது வி, ளை, யா, ட், டு என ஐந்து கட்டம். 'பழம்' மூன்று, 'கடிதம்' நான்கு. கொஞ்ச நேரம் கண்ணில் படும் சொற்களையெல்லாம் இப்படிப் பிரித்துப் பாருங்கள். கட்டத்துக்கு ஏற்ற நீளத்தில் சொல் நினைவுக்கு வருவது அப்போதுதான் வேகமாகும்.

திரையில் வரும் விசைப்பலகை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். சிலவற்றில் மெய்யைத் தொட்டு, பிறகு உயிரைத் தொட்டால் உயிர்மெய் வரும். சிலவற்றில் உங்கள் கைபேசியின் விசைப்பலகையே திறக்கும். நேரக் கணக்கு இல்லாத நிலையில் இதைப் பழகிவிட்டு அப்புறம் கடிகாரம் ஓடும் நிலைக்குப் போங்கள்.

நிலை மாறினால் என்ன மாறுகிறது

'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். கடினம் என்றால் கடினமான சொல் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். சில விளையாட்டுகளில் அப்படித்தான். வேறு சிலவற்றில் சொல் அதேதான், உங்களுக்குக் கிடைக்கும் உதவி மட்டும் குறையும். வாய்ப்பு எட்டிலிருந்து ஐந்தாகலாம். நேரம் சுருங்கலாம். முதல் எழுத்தைக் காட்டும் சலுகை போகலாம். அதனால் நிலையைத் தேர்ந்தெடுக்கும் முன் உதவிப் பக்கத்தைத் திறந்து, அந்த நிலையில் எது மாறுகிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். எதைப் பறிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எதைப் பழக வேண்டும் என்று தெரியும்.

தமிழ் ஆட்டங்களில் குறிப்பாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. இத்தனையில் சரியான எழுத்தைக் குருட்டாம்போக்கில் தொடுவது நடக்காத காரியம். அதனால் சில விளையாட்டுகள் எளிய நிலையில் கூடுதலாக ஒரு குறி தருகின்றன. நீங்கள் 'கா' இட்டு, விடையில் 'கி' இருந்தால், "இந்த வரிசை எழுத்து ஒன்று உண்டு, ஆனால் இது அல்ல" என்று காட்டும் குறி அது. இந்தக் கட்டுரையில் அதை வட்டக் குறி என்று வைத்துக்கொள்வோம். பச்சை என்றால் எழுத்தும் இடமும் சரி. மஞ்சள் என்றால் எழுத்து சரி, இடம் வேறு. சாம்பல் என்றால் இல்லை.

வட்டக் குறி இருக்கும் நிலையில் சாம்பல் வந்தால் அந்த வரிசை முழுவதையும் அடித்துவிடலாம். வட்டக் குறி இல்லாத நிலையில் 'க' சாம்பலானால் 'க' மட்டும்தான் இல்லை, 'கு' இருக்கலாம். எளிய நிலையிலிருந்து மேலே போனவுடன் எல்லோரும் செய்யும் தவறு, இந்த வேறுபாட்டை மறந்து வரிசை முழுவதையும் கைவிடுவது.

காதில் இருக்கும் இலக்கணம்

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பள்ளியில் மொழிமுதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று படித்திருப்போம். மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிட்டோம். சொல் புதிரில் அவைதான் உங்கள் கையில் இருக்கும் சிறந்த கருவி.

முதல் கட்டத்திலிருந்து பார்ப்போம். சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ரயில், லாபம், டாக்டர் போன்ற வேற்றுமொழிச் சொற்களில் ர, ல, ட வரும். ழ, ள, ற, ன, ண அங்கேயும் வருவதில்லை. ய, ஞ, ங மூன்றிலும் முதலெழுத்தாக வரும் சொற்கள் மிகக் கொஞ்சம். ஆக, முதல் கட்டத்துக்கு நீங்கள் முக்கியமாக யோசிக்க வேண்டியவை க, ச, த, ந, ப, ம, வ ஆகிய ஏழு வரிசைகளும் தனி உயிர்களும்தான். இன்னொன்று: அ, ஆ போன்ற தனி உயிர் சொல்லின் நடுவில் வராது. அதனால் முதல் கட்டத்தில் இட்ட உயிர் சாம்பலானால், அதை வேறு கட்டத்தில் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள்.

கடைசிக் கட்டம் அடுத்தது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. வாய் தானாக ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது: நாக்கு, காசு, வீடு, காது, பருப்பு, கயிறு. கடைசிக் கட்டம் மெய் என்று தெரிந்தால் ம், ன், ல், ர், ள், ய், ண், ழ் ஆகியவற்றில் ஒன்று. அதிலும் ம் முதலில் சோதிக்க வேண்டியது, ஏனென்றால் மரம், பணம், கடிதம், பழக்கம் என்று மகரத்தில் முடியும் பெயர்ச்சொற்கள் அவ்வளவு இருக்கின்றன. ம் இல்லை என்று தெரிவதும் பெரிய செய்திதான், ஒரே அடியில் ஒரு பெருங்கூட்டமே வெளியேறிவிடும்.

நடுவில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்து ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த கட்டத்தில் என்ன வரும் என்பது பாதி முடிவாகிவிட்டது. க், ச், த், ப் இந்த நான்கும் தமக்குப் பின்னால் தம் வரிசையை மட்டுமே ஏற்கும்: பக்கம், பச்சை, முத்து, உப்பு. (சக்தி, சப்தம் போன்றவை வடமொழி வழி வந்தவை.) ட், ற் கொஞ்சம் தாராளம். தம் வரிசையோடு க, ச, ப வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும்: வெட்கம், கட்சி, நட்பு, முயற்சி, கற்பனை. மெல்லினம் பெரும்பாலும் தன் இனத்தைத் தேடும். ங் வந்தால் க, ஞ் வந்தால் ச, ந் வந்தால் த, ம் வந்தால் ப. ண் வந்தால் முதலில் ட, ன் வந்தால் முதலில் ற என்று நினையுங்கள். ஆனால் நண்பன், அன்பு, நன்மை என்று இந்த இரண்டுக்கும் வேறு கூட்டாளிகளும் உண்டு. மெல்லினம் இரட்டிப்பதும் உண்டு: அம்மா, கண்ணாடி.

ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிக்காது. அதே நேரம், இரண்டு மெய் அடுத்தடுத்து வந்தால் முதலில் நிற்பது ய், ர், ழ் மூன்றில் ஒன்றுதான்: காய்ச்சல், பார்த்து, வாழ்க்கை. நீளமான சொற்கள் வரும் கடின நிலைகளில் இது ஒன்றே ஆட்டத்தைக் காப்பாற்றும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஒரு கட்டத்தில் எழுத்தை வைத்துவிட்டு மெதுவாக உச்சரித்துப் பாருங்கள். வாய்க்கு வராதது பெரும்பாலும் தமிழிலும் வராது.

ஓர் ஆட்டம், அடி அடியாக

நான்கு கட்டம், ஆறு வாய்ப்பு, வட்டக் குறி உள்ள எளிய நிலை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சொல்லாக நான் 'கடிதம்' இடுவேன். க, ட, த, ம என நான்கும் வெவ்வேறு வரிசை, கடைசியில் ம். 'வட்டம்' இட்டால் ட் என்றும் ட என்றும் ஒரே வரிசைக்கு இரண்டு கட்டம் போய்விடும். முதல் சொல்லில் வரிசை திரும்ப வரக் கூடாது என்பது நான் விடாமல் பின்பற்றும் ஒரு வழக்கம்.

பதில் வருகிறது: க சாம்பல், டி சாம்பல், த வட்டம், ம் வட்டம். அப்படியென்றால் த வரிசையில் ஒன்றும் ம வரிசையில் ஒன்றும் விடையில் உண்டு. ஆனால் 'த' அல்ல, 'ம்' அல்ல. விடை மகரத்தில் முடியவில்லை.

இரண்டாவதாக 'பயிற்சி'. ப, ய, ற, ச என்று புதிதாக நான்கு வரிசை. இரண்டே சொல்லில் பதினெட்டு மெய் வரிசைகளில் எட்டைத் தொட்டுவிட்டோம். நான்கும் சாம்பல். புதியவர்கள் இப்படி முழுச் சாம்பல் வந்தால் சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் இது நல்ல பதில். க, ட, ப, ய, ற, ச ஆறு வரிசையும் வெளியே போய்விட்டன.

இப்போது அவசரப்படாமல், மிஞ்சியவற்றில் த வரிசையும் ம வரிசையும் உள்ள நான்கெழுத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். எனக்கு வந்தவை மந்திரி, முந்திரி, மருந்து, அனுமதி, துணிமணி. இதில் எதை இடுவது? எது விடையாக இருக்கும் என்பதோடு, எது தவறினாலும் அதிகம் சொல்லித்தரும் என்றும் பார்க்க வேண்டும். 'மந்திரி' இட்டால் ம முதலில் இருக்கிறதா, ந் உண்டா, ர வரிசை உண்டா என்ற மூன்று கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைக்கும். அதை இடுகிறேன்.

ம பச்சை. ந் மஞ்சள். தி வட்டம். ரி வட்டம்.

இனி ஊகமே வேண்டாம். ந் இரண்டாம் கட்டத்தில் இல்லை, கடைசியிலும் நிற்காது, ஆகவே மூன்றாம் கட்டம். ந்-க்குப் பின்னால் த வரிசை, அது நான்காம் கட்டம், த-வும் அல்ல தி-யும் அல்ல. ர வரிசைக்கு மிச்சம் இருப்பது இரண்டாம் கட்டம் மட்டும். ம, ர வரிசையில் ஒன்று, ந், து. மருந்து.

நான்காவது வாய்ப்பில் முடிந்தது. இதில் எந்த இடத்திலும் பெரிய சொல்வளம் தேவைப்படவில்லை. ந்-க்குப் பின் த வரும் என்ற ஒன்றுதான் பூட்டைத் திறந்தது.

குட்டிச் சொல்லில் ஒளிந்திருக்கும் பொறி

மூன்று கட்டம் ஐந்து கட்டத்தைவிட எளிது என்று எண்ணித்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள். பல நேரம் தலைகீழ். நீளமான சொல்லில் ஒவ்வொரு ஊகமும் அதிகச் செய்தி தரும். குட்டிச் சொல்லில் இரண்டு எழுத்து பச்சையான பிறகும் கூட்டம் குறையாது. கடைசி இரண்டு கட்டம் ன, ம் என்று பச்சையாகிவிட்டது என்று வையுங்கள். மனம், கனம், வனம், தனம், இனம், தினம், சினம், வானம், தானம், கானம், பானம். ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தால் வாய்ப்புகள் தீர்ந்துவிடும், விடை மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில் விடையைத் தேடுவதை ஒரு முறை நிறுத்துங்கள். விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே இடுங்கள். உதாரணத்துக்கு 'கதவு'. க பச்சையானால் கனம். க வட்டமானால் கானம். த மஞ்சளானால் தனம். த வட்டமானால் தினம் அல்லது தானம். வு வட்டமானால் வனம் அல்லது வானம். எல்லாம் சாம்பலானால் மனம், இனம், சினம், பானம் என்று நான்கு மட்டும் மிச்சம். ஒரு வாய்ப்பைக் கொடுத்துப் பதினொன்றை நான்காகவோ அதற்கும் குறைவாகவோ ஆக்கிவிட்டோம். இந்த ஒரு உத்தி கைவந்தால் நடுத்தர நிலையில் உங்கள் தோல்விகள் கண்ணுக்குத் தெரிய குறையும்.

வேர்டிலில் உள்ளதுபோன்ற கடின முறை இதைத்தான் தடை செய்கிறது. கிடைத்த எழுத்துகளை அடுத்த ஊகத்திலும் வைத்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. அங்கே 'கதவு' இட முடியாது, மேலே நாம் இட்ட 'பயிற்சி'யும் கூடாமல் போகலாம். அதனால் கடின முறையில் கடைசி எழுத்துகளைச் சீக்கிரம் பச்சையாக்க ஆசைப்படாதீர்கள். முதல் எழுத்தைச் சோதிக்கும் சொற்களை முன்னால் இடுங்கள். ம்-இல் முடியும் தொடக்கச் சொல் எளிய நிலையில் எவ்வளவு நல்லதோ, அவ்வளவுக்கு இங்கே மாட்டிவிடக்கூடும்.

எப்போது மேலே போவது

என் அளவுகோல் இது: பத்து ஆட்டத்தில் எட்டு வென்றால் அடுத்த நிலை. ஐந்துக்குக் கீழே போனால் ஒரு நிலை இறங்குங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கூட்டாதீர்கள். நீளமான சொல்லுக்குப் போகும்போது கடிகாரத்தை அணைத்துவிடுங்கள். கடிகாரத்தைப் போடும்போது பழகிய நீளத்திலேயே ஆடுங்கள். தோற்ற ஆட்டத்தின் விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதி, எந்தக் கட்டத்தில் தவறினேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இரண்டு வாரத்தில் உங்கள் பலவீனம் அந்தத் தாளில் தெளிவாகத் தெரியும். எனக்கு அது இரட்டிக்கும் எழுத்துகள்தான். ஓர் எழுத்து பச்சையானதும் அதே வரிசை மறுபடி வராது என்று மனம் தானாக முடிவு கட்டிவிடும்.

துப்புப் பொத்தானைப் பற்றி ஒரு சொல். அதை அழுத்துவது குற்றமில்லை. ஆனால் மூன்று நிமிடம் யோசித்த பிறகு அழுத்துங்கள், கிடைத்த எழுத்தைப் பார்த்ததும் 'இது ஏன் எனக்குத் தோன்றவில்லை' என்று கேட்டுக்கொள்ளுங்கள். துப்புக்குக் காசு கேட்கும் விளையாட்டு என்றால் வாங்காதீர்கள். குழந்தைகள் ஆடும் கருவியில் செயலிக்குள் வாங்கும் வசதியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

மற்ற வகைகளுக்கு இதே காது

எழுத்துச் சக்கரம் என்றால் வட்டத்தில் உள்ள எழுத்துகளைக் கோத்துச் சொல் கட்ட வேண்டும். நிலை ஏற ஏற எழுத்துகள் கூடும். முதலில் புள்ளி எழுத்துகளைப் பொறுக்கி, எதை எதனோடு ஒட்டலாம் என்று பாருங்கள். தேங்கி நின்றால் எழுத்துகளைக் கலைக்கும் பொத்தானை அழுத்துங்கள். இடம் மாறியதும் கண் புதிதாகப் பார்க்கும்.

சொல் தேடலில் எளிய நிலை என்றால் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டும். கடின நிலையில் மூலைவிட்டமும் பின்னோக்கியும் சேர்ந்து எட்டுத் திசை. பின்னோக்கி எழுதிய தமிழ்ச் சொல் பல நேரம் மெய்யெழுத்தில் தொடங்குவதுபோலத் தெரியும். ஆகவே ம், ல், ன் எங்கெல்லாம் இருக்கின்றன என்று பார்த்து, அங்கிருந்து எல்லாத் திசையிலும் கண்ணை ஓட்டுங்கள். பட்டியலில் ழ, ஞ உள்ள சொல் இருந்தால் அதை முதலில் தேடுங்கள், அந்த எழுத்துகள் கட்டத்தில் பொதுவாகக் குறைவு.

தொகுக்கும் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு நியூயார்க் டைம்ஸ் 2023இல் கொண்டுவந்த கனெக்‌ஷன்ஸ். பதினாறு சொல், நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும், நான்கு தவறோடு ஆட்டம் முடியும். மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஒரே புதிருக்குள் நான்கு கடின நிலை உண்டு. இங்கே எழுத்து உதவாது, பொருள்தான் உதவும். ஒரு குழுவுக்கு ஐந்து சொல் பொருந்துவதுபோலத் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், அந்த ஐந்தில் ஒன்று வேறு குழுவுக்குரியது. வேறு குழுவை முடித்துவிட்டு வந்தால் அந்த ஐந்தாவது எது என்று தானே தெரிந்துவிடும்.